வாசகர் கேள்வி – பதில்: அரசு ஆய்வகமும் நம் அடுக்களையும்

உணவு கெடாமல் காப்பது பற்றியும், உணவால் நோய் வராமல் காத்துக்கொள்வது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டுக்கு இம்முறை விடை தருகிறோம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவை என்றாலும், இவை எல்லாமே அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிகளில் போய் நிற்பதால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் புழுங்கல் அரிசிதான் பொங்குகிறோம். அதில்தான் சத்து அதிகம் என்று நான் சொன்னால், அதற்கு என்ன ஆதாரம் என்று மருமகள் கேட்கிறாள். ஆதாரம் உண்டா? (வாசகி, கும்பகோணம்)

ப: உண்டு. அதில் பெரும்பகுதி நம் நீலகிரி மலையிலேயே கண்டறியப்பட்டது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ராபர்ட் மெக்காரிசன், 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையை வாங்கிக்கொண்டு, பெரிபெரி நோயை ஆராய்வதற்கென்று சிறிய பிரிவு ஒன்றைத் தொடங்கினார். பெரிபெரி வந்தவருக்குக் கால்கள் மரத்துப்போகும், சிலருக்கு உடல் வீங்கும், முற்றினால் இதயம் தளர்ந்து உயிர் போகும். தவிட்டோடு சேர்ந்திருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் உணவில் இல்லாமல் போவதே இதற்குக் காரணம் என்பது இன்று பள்ளிப் பாடம். ஆனால் அன்றைக்கு, கிருமியால் வருகிறதா, கெட்டுப்போன அரிசியால் வருகிறதா, அரிசியில் ஏதோ இல்லாமல் போவதால் வருகிறதா என்பது தீராத வழக்காக இருந்தது.

மெக்காரிசனுக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டும் அவருடைய சகாக்களும் சென்னை மாகாணத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். மாகாணம் முழுவதும் சோறுதான் உணவு. அப்படியிருக்க, பெரிபெரி ஏன் வடக்கே ஆந்திரக் கரையோரமான சர்க்கார் மாவட்டங்களில் மட்டும் ஆட்களை வீழ்த்துகிறது? தெற்கே தமிழ் மாவட்டங்களில் ஏன் அரிதாக இருக்கிறது? இரண்டு இடத்திலும் ஆலையில் தீட்டிய அரிசியைத்தான் மக்கள் உண்டார்கள். வடக்கே அது பச்சரிசி, தெற்கே அது புழுங்கல் அரிசி, வேற்றுமை அவ்வளவுதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டுப் படலத்தில் இருக்கும் பி1 வைட்டமினில் ஒரு பங்கு நீரோடு அரிசியின் உட்புறத்துக்கு இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தவிட்டை நீக்கினாலும் உள்ளே இறங்கியது நின்றுவிடுகிறது. அரிசியைக் களையும்போதும் பச்சரிசியில் கரைந்து போகும் அளவுக்கு இதில் போவதில்லை. இந்த ஆய்வுகளின் தொகுப்பு 1940-இல் வெளியானது.

மெக்காரிசனின் இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நமக்கு உவப்பானதாக இல்லை. நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அவர் எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் காய்கறியும் கலந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன; சென்னை மாகாணத்து ஏழையின் சோற்றை உண்டவை பின்தங்கின. குறை அரிசியில் மட்டும் இல்லை. தட்டில் அரிசியைத் தவிர வேறொன்றும் இல்லாததில்தான் பெருங்குறை இருந்தது. குன்னூரில் அன்று தொடங்கிய அந்த ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

ஆகவே நீங்கள் சொல்வது சரி. ஆனால் மருமகள் பச்சரிசி சமைத்தால் குடும்பத்துக்கு நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். பருப்பு, பயறு, கீரை, முட்டை, மீன் ஆகியவை சோற்றோடு சேரும் வீட்டில் பி1 பல வழிகளில் கிடைக்கிறது. எந்த அரிசியானாலும் பலமுறை தேய்த்துக் களைவதையும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதையும் குறைத்துக்கொள்வது நல்லது.

கே: குறுவை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புகிறார்கள். மழைக்காலத்தில் அறுத்த நெல் எப்படிக் காயும்? இந்த எண்ணை யார் எதற்காக வைத்தார்கள்? (விவசாயி, மன்னார்குடி)

ப: உங்கள் கோபம் நியாயமானது. அந்த எண்ணுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அறுத்த நெல்லுக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. ஈரம் கூடக் கூட மூச்சு வேகமாகி, குவியலின் நடுவே சூடேறி, அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் பூசணம் பிடிக்கிறது. சில நாட்களில் அரிசி மஞ்சளாகிவிடும். சில நெல் முளைத்தும் விடும். மாதக்கணக்கில் வைக்க வேண்டிய நெல்லில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. 17 சதவீதம் என்பது, விரைவில் அரைவைக்குப் போய்விடும் என்ற கணக்கில் மத்திய அரசு கொள்முதலுக்கு வைத்திருக்கும் மேல்வரம்பு. மழை மிகுந்த ஆண்டுகளில் தமிழக அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் பார்த்து, இதைத் தளர்த்துவதுண்டு. 2022 குறுவையில் 19 சதவீதம் வரை ஏற்கப்பட்டது. தளர்த்தும் ஆணை வருவதற்குள் களத்து நெல் முளைவிட்டுவிடுகிறது என்பதே டெல்டாவின் நெடுநாள் வேதனை.

இந்தச் சிக்கலுக்கென்றே ஓர் அரசு ஆய்வகம் உங்கள் பக்கத்திலேயே பிறந்தது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால ரகங்கள் வந்து குறுவை விளைச்சல் பெருகியபோது, பெருகிய நெல் எல்லாம் வடகிழக்குப் பருவமழையின் வாயிலில் வந்து குவிந்தது. 1967-இல் திருவாரூரில், நவீன அரிசி ஆலையை ஒட்டி, ஈர நெல்லை ஆராயும் பணி தொடங்கியது. மைசூரில் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்பிரமணியன் இம்முயற்சிக்கு வழிகாட்டினார். நாட்டின் மிகப் பெரிய உணவு ஆய்வகத்தை உருவாக்கியவர், அதன்பின் சேறும் ஈர நெல்லும் நிறைந்த திருவாரூருக்கு வந்து நின்றார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மீது மதிப்புக் கூடுகிறது. நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகத் தஞ்சாவூரில் வேரூன்றிய அந்த அமைப்பு, பல பெயர் மாற்றங்களுக்குப் பின், 2021-இல் நிறைவேறிய சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த கல்வி நிறுவனமாக உயர்ந்திருக்கிறது.

உலர்த்துவது பற்றி ஒரு செய்தி. ஈர நெல்லைக் கடும் வெயிலிலோ மிகுந்த சூட்டிலோ ஒரே மூச்சில் காயவைத்தால், வெளிப்புறம் சுருங்கி உட்புறம் சுருங்காமல் அரிசிக்குள் வெடிப்பு விழுகிறது. ஆலையில் அது நொய்யாகிவிடும். கொஞ்சம் காயவைத்து, குவித்து மூடி ஆறவிட்டு, மறுபடி காயவைத்தால் உள்ளீரம் வெளியே பரவ நேரம் கிடைக்கும். புழுக்கும் நெல்லில் இந்த வெடிப்பு பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது, ஏனெனில் அவிக்கும்போது மாவுச்சத்து பசையாகிப் பிளவை மூடிவிடுகிறது. டெல்டாவில் புழுங்கல் வழக்கம் நிலைத்ததற்கு இதுவும் துணை செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் உலர்த்தும் களமும், மழைக்கு மேல் கூரையும், ஊருக்கு ஓர் உலர்த்தி இயந்திரமும் ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து தாமாக இறங்கி வராது. ஈர நெல்லை என்ன செய்வது என்பது அரை நூற்றாண்டாகத் தெரிந்த செய்தி. அதைச் செய்வதற்கான இயந்திரத்தைக் கொள்முதல் நிலையத்தில் வைக்காமல், ஈரமானியை மட்டும் வைத்திருப்பது விவசாயிக்குச் செய்யும் அநீதி.

கே: ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கின்றன, நிறமும் சற்று வேறாக இருக்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்கிறார்கள். பொறுக்கி எறிந்துவிடலாமா? (வாசகி, திண்டுக்கல்)

ப: எறிய வேண்டாம், அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் ஆகியவற்றைக் கலந்து, அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணிகள் அவை. நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ என்ற அளவில் இவற்றைக் கலப்பதால், ஒரு கைப்பிடியில் சில மணிகள் மட்டும் வேறாகத் தெரிகின்றன. வழக்கம்போலவே சமைக்கலாம். தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய பரம்பரை இரத்த நோய்கள் உள்ளவர்கள் மட்டும் இரும்புச்சத்து பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவில் இரும்புச்சத்தை அரிசி வழியாகக் கொடுப்பது சரிதானா என்பதில் ஊட்டச்சத்து வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் தேவையானது. பிளாஸ்டிக் என்ற வதந்திக்கு அந்த விவாதத்தில் இடமில்லை. அரிசியோடு ஒரு துண்டுத் தாளில் தமிழில் விளக்கம் கொடுத்திருந்தால் இந்த வதந்தி பாதியிலேயே நின்றிருக்கும்.

கே: கடலைமிட்டாய் செய்து விற்கும் குடும்பம் எங்களுடையது. பூசணம் பிடித்த கடலையை வறுத்துவிட்டால் தீங்கு போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், கோவில்பட்டி)

ப: உண்மை இல்லை. வறுத்தால் பூசணம் சாகும். அது கடலைக்குள் விட்டுச்சென்ற நஞ்சு சாகாது. அஃப்ளாடாக்சின் என்ற அந்த நஞ்சு வீட்டு அடுப்பின் சூட்டைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும்.

அந்த நஞ்சை உலகம் தெரிந்துகொண்டதே கடலையால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததைக் கண்டார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற அந்தப் பூசணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் பெயர் வந்தது. நம் நாட்டில் அது மனிதர்களையே கொன்றது. 1974-இன் பிற்பகுதியில் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் உள்ள பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் பரவின. கவனித்தவர்களைத் திகைக்க வைத்தது என்னவென்றால், அந்த வீடுகளின் நாய்களும் அதே அறிகுறிகளோடு செத்தன. தொற்றுநோய் மஞ்சள் காமாலை என்றால் நாய்க்கு ஏன் வர வேண்டும்? மனிதரும் நாயும் பகிர்ந்துகொண்டது அந்த வீட்டு உணவைத்தான். அறுவடைக் காலத்தில் காலம் தப்பிப் பெய்த மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் சேமித்து வைத்திருந்த மக்காச்சோளம் அது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கே.ஏ.வி.ஆர். கிருஷ்ணமாச்சாரியும் சகாக்களும் 1975-இல் வெளியிட்ட அறிக்கையில், நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்ததாகப் பதிவு செய்தார்கள். அந்த மக்களிடம் வேறு தானியம் வாங்கப் பணம் இருந்திருந்தால், பூசணம் பிடித்ததைத் தின்றிருக்க மாட்டார்கள்.

குறைந்த அளவில் நெடுநாள் உடலில் சேர்ந்தால் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. ஆகவே உங்கள் தொழிலில் செய்ய வேண்டியது வறுப்பதற்கு முன்னால் இருக்கிறது. சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, பூச்சி துளைத்தது ஆகியவற்றைக் கையால் பொறுக்கி நீக்குங்கள். நஞ்சின் பெரும்பகுதி அந்தச் சில கடலைகளில்தான் இருக்கும். பொறுக்கியதை மாட்டுக்கும் போடக் கூடாது, ஏனெனில் அது வடிவம் மாறிப் பாலில் வந்துவிடும். மூட்டையைத் தரையில் படாமல் கட்டை மேல் அடுக்குங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வாங்கும்போது கடலை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குலுக்கினால் ஓட்டுக்குள் சலசலக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லும் சோதனை நல்ல சோதனைதான்.

செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலையில் சுத்திகரிக்கும்போது நஞ்சு நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் அந்த வேலை நடப்பதில்லை. கடலை எண்ணெயை வெயிலில் வைத்தால் அஃப்ளாடாக்சின் பெருமளவு சிதைந்துவிடுகிறது என்று மைசூர் ஆய்வகத்தில் 1970-களிலேயே காட்டியிருக்கிறார்கள். எண்ணெயை வெயில் காட்டி வைக்கும் பழைய வழக்கத்துக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்றாலும், அதை நம்பிக் கெட்ட கடலையை ஆட்டக் கூடாது.

கே: தனியார் நிறுவனங்களே உணவு ஆராய்ச்சி செய்கின்றன. இதற்கு எதற்கு வரிப்பணம்? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: மேலே சொன்னவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லை ஊறவைத்து அவி, கடலையைக் காயவை, சொத்தையைப் பொறுக்கு என்பவற்றுக்குக் காப்புரிமை வாங்கி யார் விற்க முடியும்? விற்க முடியாத அறிவைத் தேடுவதற்கு எந்த நிறுவனமும் பணம் போடாது. போடவில்லை என்று அதைக் குறை சொல்லவும் முடியாது. பழங்குடிக் கிராமத்தில் நாய் ஏன் செத்தது என்று போய்ப் பார்ப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

தனியாரும் கூட்டுறவும் பயன்பெற்ற ஆராய்ச்சிகளும் உண்டு. மைசூர் நிறுவனம் 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கியபோது, குழந்தைகளுக்கான பால்மாவு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு அந்நியச் செலாவணி கரைந்தது. நம்மிடம் மிகுந்திருந்தது எருமைப் பால். அதில் கொழுப்பும் கேசின் என்ற புரதமும் மிகுதி, வயிற்றில் கெட்டியாகத் திரைந்துவிடும், ஆகவே குழந்தைக்கு ஆகாது என்பதே அன்றைய வெளிநாட்டு வல்லுநர்களின் முடிவு. மைசூர் ஆய்வாளர்கள் கொழுப்பைக் குறைத்து, திரையும் தன்மையை மாற்றி, வைட்டமின்கள் சேர்த்து அதைக் குழந்தை உணவாக்கும் முறையை உருவாக்கினார்கள். ஆனந்தில் இருந்த கூட்டுறவுச் சங்கம் 1960-இல் அமுல் என்ற பெயரில் அதை உற்பத்தி செய்யத் தொடங்கியது. தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் செய்யவே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. ஆனால் தாயை இழந்த குழந்தைக்கும், பால் சுரக்காத தாய்க்கும் அந்த டப்பா எட்டும் விலையில் கிடைக்க வழி செய்தது பொதுப் பணம்தான்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஊட்டச்சத்து ஆய்வு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ், மைசூர் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் கீழ், தஞ்சாவூர் உணவு பதப்படுத்தும் தொழில் அமைச்சகத்தின் கீழ், உணவுக்குக் கதிரூட்டும் ஆராய்ச்சி அணுசக்தித் துறையின் கீழ் என்று ஆளுக்கொரு துறையில் இருக்கின்றன. முடிவுகள் ஆங்கில ஆய்விதழ்களில் வெளியாகின்றன. பணம் கொடுத்தவர் படிக்கும் மொழியில் அவை வர வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

கே: உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கடல் உப்பிலேயே அயோடின் இருக்காதா? (வாசகர், தூத்துக்குடி)

ப: கடல் மீனில் இருக்கிறது, உப்பில் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. உப்பில் அயோடின் சேர்க்கும் முறையை இந்தியாவுக்கு நிலைநாட்டியது, 1956 முதல் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. இராமலிங்கசுவாமி தலைமையில் நடந்த ஆய்வு. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில், அயோடின் கிடைத்த இரண்டு பகுதிகளிலும் கழுத்துக் கழலை தெளிவாகக் குறைந்தது. 1962-இல் தேசியத் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு வரும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரக் காற்றில் எளிதில் ஆவியாகிவிடாத பொட்டாசியம் அயோடேட் நம் நாட்டில் பயன்படுகிறது. ஆயினும் மூடிய ஜாடியில் வைப்பது நல்லது. உப்பைக் கூடுதலாகச் சேர்த்து அயோடின் பெற நினைக்காதீர்கள். நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

கே: முளைவிடாமல் இருக்க வெங்காயத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கிறார்களாம். அதைத் தின்றால் நமக்கும் கதிர்வீச்சு வராதா? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

ப: வராது. கோபால்ட் 60 என்ற பொருளிலிருந்து வரும் காமாக் கதிர் வெங்காயத்தின் ஊடே போய்விடுகிறது. வெங்காயத்தைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. எக்ஸ்ரே எடுத்தவர் வீட்டுக்கு வந்து கதிர் வீசுவதில்லை அல்லவா, அதைப் போல. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் முயற்சியால் நாசிக் மாவட்டம் லாசல்காவில் 2002-இல் தொடங்கிய நிலையம் இதற்கென்றே அமைந்தது. வெங்காயத்துக்கு 60 முதல் 90 கிரே (உணவு ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை போதும், குருத்து தூங்கிவிடும். ஆனால் அழுகலை இந்த அளவு தடுக்காது. அதற்கு நன்றாக உலர்ந்த, அடிபடாத வெங்காயமும் காற்றோட்டமும்தான் வேண்டும். கூடுதல் அளவில் பழத்துக்குள் இருக்கும் பூச்சியும் பெருக முடியாமல் போகும். 2007-இல் இந்திய மாம்பழம் அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பியது இந்த நிலையத்தின் வழியாகத்தான்.

உங்கள் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1970-களின் நடுவில், அரசின் ஊட்டச்சத்து நிறுவனம் கதிர்வீச்சுக்கு உட்பட்ட கோதுமையைச் சத்துக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அவர்களுடைய இரத்த வெள்ளணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கை மிகுந்த செல்கள் தோன்றுவதாக அறிவித்தது. அரசின் அணு ஆராய்ச்சி மையம் இதை மறுத்தது. தன் சோதனைகளில் அப்படி எதுவும் தெரியவில்லை என்றது. ஒரே அரசின் இரண்டு நிறுவனங்கள் எதிரெதிர் நின்றதால், அரசு ஒரு குழுவை அமைத்தது. குழு இரு தரப்புத் தரவுகளையும் பார்த்து, ஊட்டச்சத்து நிறுவனத்தின் முடிவை அதன் தரவுகள் தாங்கவில்லை என்று 1976-இல் சொன்னது. ஒவ்வொரு பிரிவிலும் ஐந்தே குழந்தைகள் இருந்தார்கள். பின்னர் 1980-இல், உலக சுகாதார நிறுவனமும் பிற சர்வதேச அமைப்புகளும் கூட்டிய வல்லுநர் குழு, பத்தாயிரம் கிரே வரை கதிரூட்டிய உணவில் நச்சுத் தீங்கு இல்லை என்று முடிவு செய்தது. இந்தியாவில் வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாப் பொருள்களுக்கு 1994-இல் அனுமதி கிடைத்தது.

அந்தச் சர்ச்சையில் என்னை வருத்துவது வேறொன்று. ஏற்கெனவே சத்துக் குறைந்து கிடந்த குழந்தைகள் மீது அந்தச் சோதனை நடந்தது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அதை எளிதில் அனுமதித்திருக்காது. ஆனால் அரசு ஆய்வகம் ஒன்று இன்னொரு அரசு ஆய்வகத்துக்குப் பிடிக்காத முடிவை வெளிப்படையாக அறிவிக்க முடிந்தது என்பதையும், அது தவறென்று தரவைக் காட்டியே மறுக்கப்பட்டது என்பதையும் நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். கதிரூட்டிய பொருளின் பொட்டலத்தில் பச்சை வட்டக் குறி இருக்க வேண்டும். வேண்டாம் என்று நினைப்பவர் அதைப் பார்த்துத் தவிர்க்கலாம்.

கே: மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்ற செய்தியைப் பார்த்தது முதல் மீன் வாங்கவே பயமாக இருக்கிறது. வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா? (வாசகி, சென்னை ராயபுரம்)

ப: ஃபார்மலின் பிணத்தைக் கெடாமல் வைக்கும் திரவம், உணவில் அதற்கு இடமே இல்லை. அதில் உள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஒரு காலத்தில் இதைப் பாலிலேயே ஊற்றினார்கள். அமெரிக்க வேளாண் துறையில் வேதியியல் பிரிவின் தலைவராக இருந்த ஹார்வி வைலி, 1902 முதல் சில ஆண்டுகள், தாமாக முன்வந்த இளைஞர்களுக்குப் பதப்படுத்திகள் கலந்த உணவைக் கொடுத்துச் சோதித்தார். வெண்காரத்தில் தொடங்கிய அந்த வரிசையில் ஃபார்மால்டிஹைடும் இருந்தது. பலருக்கு உடல்நலம் கெட்டது. அதிலிருந்து எழுந்த மக்கள் கருத்தும் சேர்ந்தே 1906-இல் அந்நாட்டின் தூய உணவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இன்று மனிதரைச் சோதிக்க வேண்டியதில்லை. ஒரு காகிதத் துண்டு போதும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீனின் மேல் தேய்த்து மருந்துத் துளி விட்டால் நிறம் மாறிக் காட்டும் சோதனைப் பட்டையை உருவாக்கி 2018-இல் வெளியிட்டது. ஃபார்மலினுக்கு ஒன்று, அம்மோனியாவுக்கு ஒன்று. சில வகை மீன்களில் இறந்த பின் இயல்பாகவே மிகச் சிறிதளவு ஃபார்மால்டிஹைடு உண்டாவதால், பட்டை லேசாக நிறம் காட்டினால் உடனே விற்பவர் மீது பாயாமல், உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லி ஆய்வகச் சோதனை கேட்க வேண்டும்.

பட்டை இல்லாவிட்டாலும் உங்கள் கண்ணும் விரலும் உண்டு. கண் தெளிந்து, செவுள் சிவந்து, அழுத்தினால் குழி விழாமல், கடல் வாசனையோடு இருப்பது நல்ல மீன். பார்க்கப் பழையதாக இருந்தும் விறைப்பாக, வாசனையே இல்லாமல், ஈயும் அண்டாமல் இருந்தால் வாங்காதீர்கள். ஃபார்மலினைத் தேட வைப்பது பெரும்பாலும் பனிக்கட்டிப் பற்றாக்குறைதான். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்பது மீன்வளத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. கடைக்காரரின் பெட்டியில் அந்த அளவு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.